அரைப்பேரும் ஆரம்ப மதிப்பும்

இலங்கையின் நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படும் எடையைக் கொண்டு பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) போடும் காரியத்தை ஒருவர் சி மொழியில் நிரலாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டுக் கிலோவும் அதற்கு மேலும் என்றால் முழுப்பேர், ஒன்பது முதல் பதினெட்டுக்குள் என்றால் அரைப்பேர் என்று இரண்டே நிபந்தனைகளை எழுதி, ‘பேர்’ என்ற மாறிக்கு ஆரம்ப மதிப்பு எதுவும் கொடாமல் விட்டுவிட்டால், அடைமழையில் எட்டுக் கிலோ மாத்திரம் பறித்து வந்த பெண்ணின் கதி என்ன? சி மொழியில், ஒரு செயற்கூற்றினுள் பிறக்கும் சாதாரண மாறி தானாகப் பூஜ்யமாகிவிடுவதில்லை. அந்த நினைவக இடத்தில் முன்பு கிடந்தது எதுவோ அதுவே எஞ்சி நிற்கக்கூடும். முன்னால் நிறுத்தவரின் முழுப்பேர் இவருக்கு விழலாம், அர்த்தமற்ற ஓர் எண்ணும் விழலாம். சோதித்த அன்று சரியாக வந்த கணக்கு சம்பள நாளில் தவறவும் கூடும்.

நிரலை ஓட்டாமலே, எழுத்தை மாத்திரம் வாசித்து இத்தகைய குறைகளைச் சுட்டும் கருவிகள் புதியவையல்ல. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978 அளவிலேயே ‘லின்ட்’ என்பதைச் செய்தார். ஆயினும் எல்லா நிரல்களுக்கும் பிழையறத் தீர்ப்புச் சொல்லும் கருவி அசாத்தியம் என்பது கணித சாஸ்திரம் நிரூபித்த விஷயமாதலால், ஜிசிசி தொகுப்பி ‘நிச்சயமாக’ என்றொரு எச்சரிக்கையும் ‘ஒருவேளை’ என்றொரு எச்சரிக்கையுமாகப் பிரித்தே பேசுகிறது. வேலைக்கு வந்தவருக்கு மட்டும் எடையை வாசித்து, பின்னரும் வேலைக்கு வந்தவருக்கு மட்டுமே அதைப் பிரயோகித்தால் அபாயமில்லை; ஆனால் இரண்டு நிபந்தனைகளும் ஒன்றே என்பதை உணராத கருவி, வராதவரின் எடையைப் பற்றிக் கவலைப்படும். இடையில் வேறொரு செயற்கூறு வருகைக் குறிப்பை மாற்றுகிறதா என்று பார்த்த பின்பே அந்தக் கவலையைப் புறக்கணிக்கலாம்.

பலர் இவ்வளவு சிரமப்படுவதில்லை. மாறிக்குப் பூஜ்யத்தைக் கொடுத்து எச்சரிக்கையின் வாயை அடைத்துவிடுகிறார்கள். எட்டுக் கிலோக்காரிக்கு ஒன்றுமே கிடையாது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. அந்தப் பூஜ்யமே தீர்மானித்துவிட்டது! துரை, கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கம் எல்லோரும் கூடிப் பேசவேண்டிய விஷயம் ஒரு வரியில் முடிந்துபோயிற்று. லினக்ஸ் கருநிரலிலும், மாறியை அதற்கே சமமாக்கி எச்சரிக்கையை அடக்கும் உபாயமொன்று நெடுங்காலம் இருந்தது; மெய்யான பிழைகளையும் அது மறைத்துவிடுகிறது என்று 2020இல் நீக்கினார்கள். வீண் எச்சரிக்கைகள் மலிந்துவிட்டன என்று ‘ஒருவேளை’ வகையையே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இயல்புநிலையில் அணைத்துவைத்ததும் அதே ஆண்டில்தான். இரண்டு காரியங்களும் முரணாகத் தோன்றினும், எனக்கு இரண்டும் நியாயமாகவே படுகின்றன.

ஆராயாமல் எச்சரிக்கைக்கு அடிபணிந்ததன் விபரீதத்துக்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஒரு சாட்சி. நிரல் ஓடும்போது சோதிக்கும் ‘வால்கிரைண்ட்’ என்ற கருவி, ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் ஆரம்ப மதிப்பில்லாத நினைவகம் வாசிக்கப்படுவதாக முறையிட, 2006இல் டெபியனின் பிரதியில் ஒரே தோற்றமுடைய இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ஒன்று போனதால் பெரிய நஷ்டமில்லை. மற்றதோ ரகசியச் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல் எண்களைக் கலக்கும் பிரதான வரி. எஞ்சியது செயல்முறையின் அடையாள எண் மாத்திரமே. அது 32,768 வகைக்குள் அடங்கிவிடும். லூசியானோ பெல்லோ கண்டறிந்த இக்குறை 2008 மே 13ஆம் தேதி அறிவிக்கப்பட்டபோது, அவ்விடைக்காலத்தில் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் அந்நூலகத்தைக் கொண்டு உண்டாக்கிய சாவிகளைக் கைவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ள நேர்ந்தது.