கடைக்காரன் வீட்டுச் சாமான் துண்டு

பலசரக்குக் கடை வைத்திருப்பவனுக்கு வீட்டுச் சாமான் செலவைப் பற்றி என்ன கவலை என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். இருபத்தைந்து வருடங்களாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அரிசி மூட்டை கடையில் இருக்கிறது, சீனி கடையில் இருக்கிறது, பிறகு வீட்டுக்கு என்ன வரவு செலவுத் திட்டம் வேண்டியிருக்கிறது? இந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதை 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் விளங்கிக் கொண்டேன்.

அந்த மாதம் புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்குச் சீனிக்கும் பருப்புக்குமாக 1,85,000 ரூபாவுக்கு செக் எழுதியிருந்தேன். திகதி வந்த அன்று காலையில் வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. கணக்கில் காசு போதாது. புறக்கோட்டையில் ஒரு செக் திரும்பினால் அந்தச் செய்தி நாம் வீடு வந்து சேரும் முன்னே தெரு முழுக்கப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நண்பர் ஒருவரிடம் கைமாற்று வாங்கி அன்றைய மானத்தைக் காப்பாற்றிக் கொண்டேன். ஆனால் வியாபாரம் குறையவில்லையே, காசு எங்கே போனது என்ற கேள்வி அன்றிரவு தூங்க விடவில்லை.

உண்மையில் அந்தக் கேள்வி அதற்கு முன்பே எழுந்த ஒன்றுதான். அவ்வருடம் நோன்பு காலத்தில் ஸகாத் கணக்குப் பார்ப்பதற்காக இருப்பு எண்ணியபோது, கொள்வனவுக்கும் விற்பனைக்கும் பொருந்தாமல் சாமான் குறைந்திருந்தது. கடையில் நின்ற தம்பியை நான் இரண்டு மூன்று தடவை குறுக்குக் கேள்வி கேட்டேன். களவு என்ற வார்த்தையை வாயால் சொல்லவில்லை. ஆனால் என் முகம் சொல்லியிருக்க வேண்டும். பெருநாளைக்கு ஊருக்குப் போன அவர் திரும்பி வரவேயில்லை. மீதிச் சம்பளத்தைக்கூடக் கேட்டு வரவில்லை. அதையும் நான் அவருக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக் கொண்டேன்.

செக் விடயம் நடந்த அன்றிரவு மனைவி சொன்னார்: “ஊர்ல எல்லார்ட கணக்கும் கொப்பியில எழுதுறீங்க. எங்கட கணக்க மட்டும் எழுதல்லையே?”

அப்போது உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்துக் கொண்டிருந்த என் மகள் அதற்குப் பெயரும் சொன்னாள். “வாப்பா, அதுக்கு எடுப்பனவுன்னு சொல்றது. உரிமையாளர் எடுக்கிற சாமானை வாங்கின விலைக்கு எழுதணும்.” அடுத்த முதலாம் திகதியிலிருந்து வீட்டுக்கென்று ஒரு கொப்பி போட்டோம். யாரையும் தடுக்கவில்லை, எதையும் குறைக்கவில்லை. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொன்றையும் வாங்கிய விலைக்கு எழுதுவது மட்டுமே வேலை. நான் கல்லாவில் இருந்தபடி வாயில் போட்டுக் கொள்ளும் கஜுவும் எழுதப்பட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுகிறேன்.

வீட்டில் உம்மாவோடு சேர்த்து நாங்கள் ஏழு பேர். மாதம் பதினையாயிரம் ரூபா போகலாம் என்பது என் மதிப்பீடாக இருந்தது. மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் 41,350 ரூபா. இத்தனைக்கும் மீன், மரக்கறி, பிள்ளைகளின் வகுப்புக் காசு எதுவும் இதில் இல்லை. அவையெல்லாம் வாப்பா விட்டுப்போன கடை அறை ஒன்றின் வாடகையிலிருந்து போகின்றன. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு அளவீட்டின்படி நாட்டில் ஒரு சராசரிக் குடும்பத்தின் முழு மாதச் செலவே சுமார் 63,000 ரூபாதான். அதில் உணவுக்குப் போவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். நாங்களோ மீன், மரக்கறி இல்லாமலே அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சாப்பிட்டுக் கொண்டிருந்தோம்.

மகள் கொப்பியை இரண்டாகப் பிரித்தாள். அரிசி, மா, பருப்பு, சீனி, தேயிலை, எண்ணெய், பால்மா, தூள் வகைகள், சவர்க்காரம் எல்லாம் சேர்த்து 23,100. மிச்சம் 18,250 ரூபாவுக்கு பிஸ்கட், சோடா, நூடில்ஸ், சொக்லட், சோஸ், பட்டர், பெயர் தெரியாத இனிப்புகள். ஒரே மாதத்தில் மூன்று விதமான சலவைத்தூள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பிள்ளைகள் கடையில் ஏறுவார்கள், ஆளுக்கொரு பக்கட்டை உடைப்பார்கள். விருந்தாளி வந்தால் மனைவி ஆளனுப்புவார். அவற்றில் எதுவும் பெரிய செலவு அல்ல. எதுவும் யாருடைய கண்ணிலும் பட்டதுமில்லை.

இனிக் கடைக் கணக்கைப் பாருங்கள். அப்போது என் மாத விற்பனை சுமார் பன்னிரண்டு இலட்சம். சீனிக்கும் பருப்புக்கும் இலாபம் மிகக் குறைவு, வாசனைச் சாமானுக்குக் கூட. எல்லாம் கலந்து எட்டு சதவீதம் என்று வைத்தால் 96,000 ரூபா. வாடகை, சம்பளம், மின்சாரம், லொறிக் கூலி என்று 68,000 போனால் மிச்சம் 28,000. இந்த 28,000 ரூபா உழைக்கும் கடையிலிருந்து 41,350 ரூபாவுக்குச் சாப்பிட்டால், மாதம் 13,350 ரூபா முதலிலிருந்து போகிறது. வருடத்துக்கு 1,60,200 ரூபா. என் செக் ஏன் தடுமாறியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். ஆயிரம் ரூபா முதலுள்ள சாமான் எழுதாமல் வீட்டுக்குப் போனால், எட்டு சதவீத இலாபத்தில் அந்த ஆயிரத்தைத் திரும்ப எடுக்க 12,500 ரூபாவுக்கு விற்க வேண்டும். மகன் உடைத்த பக்கட்டுக்காக நான் எத்தனை கிலோ சீனி நிறுக்க வேண்டும் என்று அன்று யோசித்தேன். லாச்சியில் கிடக்கும் காசெல்லாம் நமது காசு அல்ல என்று பிறருக்குச் சொல்வோம். தட்டில் இருக்கும் சாமானும் அப்படித்தான் என்பதை ஏனோ மறந்து விடுகிறோம்.

இப்போது கடைக்காரனாக ஓர் உண்மையைச் சொல்கிறேன். துண்டு எழுதிக் கொண்டு வரும் வாடிக்கையாளரிடம் எங்கள் வித்தை அவ்வளவாகப் பலிக்காது. சிறு பிள்ளையிடம் துண்டைக் கொடுத்து அனுப்பினால் துண்டில் உள்ளது மட்டுமே போகும். ஆனால் வெறுங்கையோடு வருபவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்போம்: “வேற என்ன?” இதைவிடப் பழைய விளம்பரம் உலகத்தில் இல்லை. கேட்டவுடன் அவர் கண் தட்டுகளை மேய ஆரம்பிக்கும். அந்தக் கண் எங்கே போகும் என்பதை அறிந்துதான் தட்டுகளே அடுக்கப்படுகின்றன. அரிசியும் சீனியும் உள்ளே இருக்கும், ஏனென்றால் அவற்றைத் தேடி எப்படியும் வருவார்கள். இனிப்பும் பிஸ்கட்டும் முன்னால், பிள்ளைகளின் கண் உயரத்தில் இருக்கும். கம்பனிக்காரர்கள் ரெக் தருகிறார்கள், குளிர்பானப் பெட்டி தருகிறார்கள், அதை வாசலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்கள். சும்மா தருவார்களா?

பெரிய சுப்பர் மார்க்கட்டுகளில் “வேற என்ன?” என்று கேட்க ஆள் கிடையாது. அந்த வேலையைத் தள்ளுவண்டி செய்கிறது. வண்டி பாதி வெறுமையாக இருந்தால் ஏதோ வாங்க மறந்ததுபோல மனம் சொல்லும். வார இறுதியில் வங்கி அட்டைக்குக் கழிவு என்பார்கள், அதற்கும் இவ்வளவு ரூபாவுக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை பல நேரங்களில் இருக்கும். அந்தத் தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாத இரண்டு சாமானை எடுத்து வண்டியில் போட்டவர், வீட்டுக்கு வந்து கழிவு கிடைத்ததாகவே சொல்லுவார். புறக்கோட்டையில் “ஹாஜியார், இன்னும் பத்து மூட்டை எடுத்தா விலையக் குறைக்கிறன்” என்றதும் தலையாட்டி விட்டு வரும் நமக்கு அவரைப் பார்த்துச் சிரிக்கத் தகுதியில்லை.

பசியோடு கடைக்குப் போகக் கூடாது என்று சொல்வார்கள். அதன் உண்மையை நோன்பு மாதத்தில் என் கடையில் நின்று பார்க்கலாம். ஒரு நேரச் சாப்பாடு குறையும் மாதத்தில் விற்பனை ஏன் கூடுகிறது? அஸருக்குப் பிறகு வருபவர்களைப் பாருங்கள். கஞ்சிக்கு அரிசியும் தேங்காயும் வாங்க வந்தவர் பேரீச்சம்பழத்தில் இரண்டு வகை, சர்பத்தில் இரண்டு நிறம், டின் மீன், ஜெலி, கஸ்டட் எல்லாம் கட்டிக்கொண்டு போவார். மஃரிபுக்குப் பிறகு அதே மனிதர் வந்தால் பாணும் முட்டையும்தான். ஆகவே எங்கள் வீட்டில் நோன்புச் சாமான் துண்டு தராவீஹுக்குப் பிறகு, வயிறு நிறைந்த நேரத்தில் எழுதப்படுகிறது. இந்த ஒரு மாற்றத்தால் குறைந்த செலவு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் ஒழுங்கு இவ்வளவுதான். மாதத்துக்கு 25,000 ரூபா என்று வைத்தோம். அதில் 2,000 ரூபா பிள்ளைகளின் ஆசைக்கு. முற்றாகத் தடுத்தால் ஒளித்து எடுப்பார்கள், அதனால் அந்தப் பங்கை விட்டுக் கொடுத்தோம். சமையலறைக் கலண்டரின் பின்பக்கத்தில் துண்டு எழுதப்படும். முடிந்ததை முடிந்த அன்றே எழுத வேண்டும், கடைக்கு வந்து யோசிக்கக் கூடாது. துண்டில் இல்லாத ஒன்று கட்டாயம் வேண்டும் என்று தோன்றினால் அடுத்த வாரத் துண்டில் எழுதலாம். அடுத்த வாரம் பார்த்தால் பாதி ஆசை போயிருக்கும். முக்கியமாக, மனைவி காசு கொடுத்து பில் வாங்குகிறார். வாங்கிய விலைக்குத்தான். என்றாலும் கையிலிருந்து காசு எண்ணிக் கொடுக்கும்போது வரும் யோசனை, கொப்பியில் எழுதும்போது வருவதில்லை. முதல் இரண்டு மாதம் பிள்ளைகளுக்கு முகம் சரியில்லை. எனக்கும்தான்.

பெரிய பக்கட் எப்போதும் மலிவு என்பதையும் நம்பாதீர்கள். கிலோவுக்கு என்ன விலை என்று பிரித்துப் பாருங்கள். சில சாமான்களில் சின்னப் பக்கட்தான் மலிவாக வரும். ஷம்பூ நல்ல உதாரணம்.

2022ஆம் ஆண்டு இந்த ஒழுங்கு உடைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி அவ்வருடம் செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கியது கிட்டத்தட்ட இருநூறு. அந்த நேரத்தில் தொகையைப் பிடித்துக்கொண்டு நின்றால் பட்டினிதான். நாங்கள் ரூபாவை விட்டு விட்டு அளவைப் பிடித்துக் கொண்டோம். அரிசி இத்தனை கிலோ, பருப்பு இத்தனை, சீனி இத்தனை என்று. பால்மா குறைந்து பிளேன் டீ கூடியது. டின் மீன் துண்டிலிருந்து வெட்டப்பட்டது. பழைய கொப்பி இருந்தபடியால் எதை வெட்டலாம் என்பது தெரிந்திருந்தது.

அக்காலத்தில் பயத்தால் வாங்கியவர்களையும் கண்டேன். பால்மா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் தேநீரே குடிக்காத வீட்டிலிருந்தும் ஆள் வரும். விலை ஏறும் என்று இருபது கிலோ பருப்பு கட்டிப்போன ஒரு சகோதரர் நாலு மாதம் கழித்து வண்டு விழுந்த பாதியைக் கோழிக்குப் போட்டார். ஆசையால் வாங்குவதும் பயத்தால் வாங்குவதும் கடைக்காரனின் லாச்சிக்கு ஒன்றுதான்.

இதையெல்லாம் எழுதினால் உங்கள் வியாபாரம் குறையாதா என்று ஒரு நண்பர் கேட்டார். என் கடன் கொப்பியைப் பார்த்தவன் நான். துண்டோடு வந்து அளவாக வாங்குபவர் மாத முடிவில் காசைக் கட்டி விடுகிறார், வருடக்கணக்கில் அதே கடைக்கு வருகிறார். கண்டதையெல்லாம் கடனுக்கு எடுத்தவர் கணக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டியதும் அடுத்த தெரு வழியாகப் போகத் தொடங்குகிறார். அவருடைய கடனும் போயிற்று, அவரும் போனார். முதல் வகைக்காரர் பத்துப் பேர் போதும் எனக்கு.

கடையை விட்டுப் போன அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வீட்டுக் கொப்பியைக் கூட்டிய அன்றே விடயம் விளங்கி விட்டது. ஆனால் அவருடைய ஊருக்குப் போக எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. மீதிச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, என் மேல்தான் பிழை என்று சொல்லி, மன்னிக்கும்படி கேட்டேன். அவர் தேநீர் கொண்டு வரச் சொல்லி விட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“எனக்கு அப்பவே தெரியும் முதலாளி. பிள்ளைகள் வந்து எடுத்துக்கொண்டு போறத நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். முதலாளிட வீட்டப் பத்தி முதலாளிக்கிட்டயே எப்படிச் சொல்றது?”