டிஃபிபிரிலேட்டர் எங்கே? நொடியில் சொல்லும் குட்டி ‘டேக்’... மருத்துவமனைகள் கவனிக்க வேண்டியது என்ன?

திடீரென இதயத் துடிப்பு நின்று விழுந்தவருக்கு டிஃபிபிரிலேட்டர் மூலம் ‘ஷாக்’ கொடுப்பது தாமதமானால், சிபிஆர் முதலுதவியும் கிடைக்காத நிலையில், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. அந்த நேரத்தில், “மெஷின் எந்த வார்டுல இருக்கு?” என ஊழியர்கள் தேடிக்கொண்டிருந்தால்?

இந்தத் தேடலைக் குறைக்கத்தான் கருவிகளில் வயர்லெஸ் ‘டேக்’ ஒட்டப்படுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

கார் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆர்.எஃப்.ஐ.டி. தொழில்நுட்பம்தான் இங்கேயும். இதில் இரண்டு வகை உண்டு.

பாசிவ் டேக்: பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்து, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். சில மீட்டர் தூரம் வரை எட்டும். விலை குறைவு.

ஆக்டிவ் டேக்: பேட்டரி உண்டு. தானாகவே சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். வென்டிலேட்டர், இன்ஃபியூஷன் பம்ப் போன்றவை எந்தத் தளத்தில், எந்த அறையில் இருக்கின்றன எனத் திரையில் பார்க்கலாம். புளூடூத் டேக்குகளும் இப்படித்தான்.

ஆம்புலன்ஸில் என்ன பயன்?

வண்டி கிளம்பும் முன் ஆக்சிஜன் சிலிண்டர், சக்‌ஷன் மெஷின், மருந்துப் பெட்டி எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். டேக் இருந்தால் ரீடர் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் படித்து, எது இல்லை எனக் காட்டிவிடும். மருந்தின் காலாவதி தேதியை டேக் எண்ணோடு கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தால், அதையும் முன்கூட்டியே எச்சரிக்கும்.

அப்படியென்றால் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வு ஒன்று 2008-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியானது. நோயாளி யாரும் இணைக்கப்படாத 41 மருத்துவக் கருவிகளின் அருகே ஆர்.எஃப்.ஐ.டி. அமைப்புகளை இயக்கி 123 சோதனைகள் செய்தார்கள். 34 முறை கருவிகளில் குறுக்கீடு ஏற்பட்டது. அதில் 22 ஆபத்தானவை. வென்டிலேட்டர் அணைந்துபோனது, சிரிஞ்ச் பம்ப் நின்றுபோனது போன்றவையும் இதில் அடக்கம்.

பேட்டரி இல்லாத பாசிவ் வகையைச் சோதித்தபோதுதான் அதிக குறுக்கீடு. காரணம், அந்த டேக்கை இயக்க ரீடர் வலுவான அலையை அனுப்ப வேண்டியிருக்கிறது. அதாவது, சிக்கல் ஒட்டப்பட்ட டேக்கைவிட, பக்கத்தில் வைக்கப்படும் ரீடரில்தான் அதிகம். குறுக்கீடுகளில் பாதி, சுமார் 30 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தூரத்தில் ஏற்பட்டவை.

கவனிக்க வேண்டியது என்ன?

* ரீடரை நோயாளியின் படுக்கையருகே வைக்காமல், கதவு, ஸ்டோர் ரூம் போன்ற இடங்களில் பொருத்துவது நல்லது.

* ஐ.சி.யூ.வில் பயன்படுத்தும் முன், அங்குள்ள கருவிகளோடு சேர்த்துச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

* உலோகமும் திரவமும் சிக்னலைத் தடுக்கும். சிலிண்டர் போன்றவற்றுக்கு உலோகத்தில் ஒட்டுவதற்கென்றே உள்ள டேக் தேவை.

* ஆக்டிவ் டேக்கின் பேட்டரி தீர்ந்தால் கருவி திரையில் இருந்தே காணாமல் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. கருவி ‘எங்கே’ இருக்கிறது என்பதைத்தான் சாதாரண டேக் சொல்லும். அது ‘வேலை செய்யுமா’ எனச் சொல்லாது. டிஃபிபிரிலேட்டரில் சார்ஜ் இருக்கிறதா, சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறதா என ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஊழியர்கள் நேரில் பார்ப்பதை டேக் வந்த பிறகும் நிறுத்த முடியாது.