அளவுக்கு மிஞ்சிய பெரு நாய்களை வளர்ப்பதால் உண்டாகும் நஷ்டங்கள்

களத்துமேட்டிலும் தோப்பிலும் ஆட்டுப்பட்டியிலும் காவலுக்கு ஒரு நல்ல நாய் இருப்பது எவ்வளவு உதவி என்பதைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் மிராசுதார்கள் சிலர், நாயின் வேலைத்திறத்தைப் பாராமல் அதன் உருவத்தையே பெருமையாகக் கொண்டு, கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு, மாஸ்டிப் முதலிய சீமை ஜாதிகளை அதிக விலை கொடுத்து வாங்கி வளர்ப்பதோடு, அவற்றை நாட்டு நாய்களுடன் கலந்து இனம் பெருக்கவும் முற்படுகின்றனர். இதனால் பிராணிக்கும் அதை உடையவருக்கும் நேரும் தீங்குகளை இங்கு விவரிப்போம்.

பளுவும் எலும்பும்

ஒரு பிராணியின் உயரம், நீளம், அகலம் ஆகிய மூன்றும் இரு மடங்கானால், அதன் எடை எட்டு மடங்காகும். அப்பளுவைத் தாங்கும் கால் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். இந்நியதியை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-ஆம் வருஷத்திலேயே விளக்கியிருக்கிறார். வண்டியின் அச்சை நான்கு பங்கு பலப்படுத்திவிட்டு, பாரத்தை எட்டுப் பங்கு ஏற்றினால் என்னவாகுமோ அதுவே இங்கும் நேர்கிறது. மேலும், கிரேட் டேன் குட்டி ஒரு வருஷத்துக்குள் தன் பிறப்பு எடையைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு வளர்கிறது. மனிதக் குழந்தை அதே காலத்தில் மூன்று மடங்கே வளரும். இவ்வேகத்தினால் இடுப்பு மூட்டு பொருந்தாமை, எலும்புப் புற்று, இருதயம் விரிந்து தளர்தல் ஆகிய நோய்கள் பெரு ஜாதிகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. குட்டி இன்னும் பருக்கவேண்டுமென்று சுண்ணாம்புச் சத்து மருந்துகளை மிதமிஞ்சிக் கொடுப்பது எலும்பைக் கோணச் செய்யுமேயன்றி உறுதிப்படுத்தாது.

ஆயுட் குறைவு

74 ஜாதி நாய்களின் விவரங்களைக் கொண்டு 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, உடல் எடையில் ஏறும் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஆயுளில் சுமார் ஒரு மாதம் குறைகிறது. சிறு நாய்கள் பல 12 முதல் 15 வருஷம் வரை ஜீவிக்க, கிரேட் டேன் 7 முதல் 10 வருஷமே ஜீவிக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 44 அங்குல உயரத்தோடு உலகப் புகழ் பெற்ற ஸீயஸ் என்னும் கிரேட் டேன், ஆறு வயது நிரம்புமுன் 2014-இல் இறந்தது.

வயிறு முறுக்கிக்கொள்ளுதல்

ஆழ்ந்த மார்புள்ள பெரு நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. சஸ்திர சிகிச்சை உடனே கிடையாவிடில் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நான் அறிந்த விவசாயி ஒருவர், தம் கிரேட் டேன் இரவில் வாந்தி எடுக்க முயன்றும் எடுக்கமாட்டாமல் தவித்ததைக் கண்டு, விடியட்டுமென்று காத்திருந்தார். விடியுமுன் நாய் மாண்டது. கால்நடை மருத்துவசாலை தொலைவிலுள்ள கிராமங்களில் இவ்வபாயத்தை முன்னதாகவே யோசிக்க வேண்டும்.

வேலைக்கு உதவாமை

ஸ்விட்ஸர்லாந்தில் 2,469 மீட்டர் உயரத்திலுள்ள பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாயின் மடத்தில், 1800-இல் பிறந்த பாரி என்னும் நாய், பனியில் சிக்கிய சுமார் 40 பேரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. அதன் எடை 40 முதல் 45 கிலோ வரைதான் இருந்தது. பிற்காலத்தார் தலையையும் உடலையும் பெருக்கிக்கொண்டே போனதால், இக்காலத்து ஆண் நாய் 65 முதல் 80 கிலோ வரை நிறுக்கிறது. பனியில் அமிழாமல் ஓடித் தேடும் வேலை இப்போது இலேசான உடலுள்ள வேறு ஜாதிகளுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் உரியதாகிவிட்டது. பெர்ன் நகரக் காட்சிசாலையில் பாடம் செய்து வைத்துள்ள பாரியின் உருவத்தை 1923-இல் புதுப்பித்தபோது, அதன் தலையையும் புது ஜாதியை ஒத்திருக்கும்படி மாற்றினார்களாம்!

செலவும் சீதோஷ்ணமும்

20 கிலோ நாயைவிட 80 கிலோ நாய்க்கு ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகாரம் வேண்டும். பூச்சி மருந்து போன்றவை எடைக்குத் தக்கபடி அளக்கப்படுவதால் நான்கு மடங்கு ஆகும். பெருத்த உடல் உஷ்ணத்தை மெதுவாகவே வெளிவிடுமாதலால், நம் நாட்டுக் கோடையில் அது பகலெல்லாம் நிழலில் இளைத்துக் கிடக்கும். அத்தகைய நாயால் காவலுக்கு என்ன பயன்?

செய்யத்தக்கவை

ராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை ஆகிய நம் நாட்டு ஜாதிகள் இவ்வெயிலுக்கும் இவ்வேலைக்கும் பழகியவை. இவற்றிலும் ஈற்றிலுள்ள பெரிய குட்டியையே பொறுக்குதல் தவறு. நடை, மூட்டு, செவி, சுபாவம், தாய் தந்தையின் ஆயுள் ஆகியவற்றைப் பார்த்தே தெரிந்தெடுக்க வேண்டும். பெரு நாயை ஏற்கெனவே வைத்திருப்போர், ஒரே வேளையில் வயிறு நிரம்ப இடாமல் இரண்டு மூன்று வேளையாக ஆகாரமிட்டு, உண்டவுடன் ஓட விடாதிருத்தல் நலம். வயிறு உப்பி, வாந்தி வராமல் நாய் தவித்தால், எவ்வேளையாயினும் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். விற்பனைக்காக இனம் பெருக்குவோர் 2017-ஆம் வருஷ விதிகளின்படி மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்பதையும், எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளை விற்கலாகாது என்பதையும் கிராம அதிகாரிகள் தங்கள் ஊராருக்கு அறிவிப்பது நன்று.

உழவு மாட்டைக் கொம்பின் நீளம் பார்த்து வாங்குவோர் நம்மில் இல்லை. காவல் நாயையும் அவ்வாறே, அது செய்யவேண்டிய வேலையைக் கொண்டு மதிப்பிடுவதே விவேகமாகும்.