கூட்டமே வளர்க்கும் குட்டிகள்

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று கிழக்கே பார்த்தால் மேகமலை தெரியும். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காட்டில் செந்நாய்களும் வாழ்கின்றன.

செந்நாய் ஊர் நாயைப்போல் குரைப்பதில்லை; விசில் அடிப்பதுபோல் சீழ்க்கை ஒலி எழுப்பும். அடர்ந்த காட்டில் பிரிந்துபோனவை அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மறுபடி ஒன்றுசேரும்.

தாயின் வயிற்றில் சுமார் இரண்டு மாதம் வளர்ந்து, பாறை இடுக்கிலோ மண் வளையிலோ குட்டிகள் பிறக்கின்றன. ஓர் ஈற்றில் எட்டுக் குட்டிகள்கூட இருக்கும். பிறந்ததும் கண் திறந்திருக்காது. உடம்பும் சிவப்பாக இருக்காது, கரும்பழுப்பாக இருக்கும். வளர வளரத்தான் செந்நிறம் ஏறும்.

பெரும்பாலும் கூட்டத்தில் ஒரு பெண் நாய்தான் குட்டி போடும். ஆனால் வளர்ப்பது எல்லோரும்! மற்றவை வேட்டைக்குப் போகும்போது ஒன்றிரண்டு வளையருகே காவல் இருக்கும். மிளாவையோ புள்ளிமானையோ பிடித்துத் தின்றவை திரும்பி வந்ததும் குட்டிகள் ஓடிப்போய் அவற்றின் வாயை நக்கும். உடனே அவை வயிற்றிலிருக்கும் இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். பால் கொடுக்கும் தாய்க்கும், காவல் இருந்தவற்றுக்கும் இப்படியே சாப்பாடு கிடைக்கும். நமக்கு அருவருப்பாகத் தோன்றலாம். குட்டிகளுக்கு அதுதான் உயிர்.

குட்டிகள் ஒன்றையொன்று துரத்திக் கடித்து விளையாடிக்கொண்டே இருக்கும். ஏழெட்டு மாதத்தில் அவையும் வேட்டைக்குக் கிளம்பிவிடும். அப்போதும் இரை விழுந்தால் பெரியவை ஒதுங்கி, குட்டிகளை முதலில் தின்னவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பழக்கம்தான். காட்டில் பெரும்பாலும் வலிமை உள்ளதுதான் முதலில் தின்னும். இங்கே சின்னஞ்சிறுசுகளுக்கு முதல் பங்கு.

நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970-களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அதற்கு முன்பு, ஆங்கிலேயர் காலத்தில், செந்நாயைக் கொன்றவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். இன்று செந்நாய் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு. காடு சுருங்குவதும் இரை குறைவதும் இதற்குக் காரணங்கள். ஊர் நாய்களிடமிருந்து பரவும் வெறிநோயும் டிஸ்டெம்பர் காய்ச்சலும் ஒரு கூட்டத்தையே கொன்றுவிடக்கூடும்.

காட்டோரம் நாய் வளர்க்கிறீர்களா? தவறாமல் தடுப்பூசி போடச் சொல்லி உங்கள் வீட்டில் கேளுங்கள்.