‘மெல்லக் கற்போர்’ என்று யாரை அழைக்கிறார்கள்? கல்லூரிக்குள் நுழைந்த பின் தொடங்கும் மறுப்பு

பெரிய காஞ்சிபுரத்தில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் நடத்தும் சட்ட உதவிச் சந்திப்புக்குப் பெரும்பாலும் பட்டா, கூலி பாக்கி, காவல் நிலையம் ஏற்க மறுத்த புகார் ஆகியவற்றோடுதான் மக்கள் வருவார்கள். சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாணவர் வினாத்தாளோடு வந்தார். இளங்கலை இரண்டாம் ஆண்டு. தந்தை கூலிக்குத் தறி நெய்பவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவர். ஐந்து தாள்கள் அரியர்.

வகுப்பில் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியர் ஒருவர், ‘கோட்டாவில் வந்தால் இப்படித்தான்’ என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார். அதற்கு வழக்குப் போட முடியுமா என்று கேட்கத்தான் மாணவர் வந்திருந்தார். ஆனால் பேச்சின் நடுவே வினாத்தாளை விரித்து, ‘கிரிட்டிக்கலி எக்ஸாமின்’ என்ற இரு சொற்களைக் காட்டினார். “அண்ணா, பாடம் எனக்குத் தெரியும். இப்படிக் கேட்டா என்ன எழுதணும்னு யாருமே சொல்லித் தரல” என்றார்.

முதல் புகாரைச் சட்டம் உடனே அடையாளம் காணும். இரண்டாவதைப் புகார் என்றே எவரும் கருதுவதில்லை. மாணவரின் குறை என்று எழுதி மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டாவது புகாரும் உரிமைப் பிரச்சினையே என்பதை விளக்கவே இக்கட்டுரை.

சொல்லித் தரப்படாத பாடம்

பல்கலைக்கழகக் கல்விக்குள் பாடத்திட்டத்தில் அச்சிடப்படாத இன்னொரு பாடத்திட்டம் இருக்கிறது. விரிவுரையைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பது, தடித்த நூலில் வேண்டிய இரண்டு பக்கங்களைத் தேடிப் பிடிப்பது, ‘விவரி’, ‘ஒப்பிடு’, ‘திறனாய்க’ என்ற மூன்று கட்டளைகளுக்கும் மூன்று விதமாக விடை அமைப்பது, பிறர் கருத்தை மேற்கோளாகக் காட்டுவதற்கும் நகலெடுப்பதற்கும் உள்ள எல்லையை அறிவது, ஆய்வகப் பதிவேடு எழுதுவது, பேராசிரியரின் அறைக்குள் சென்று தயக்கமின்றி ஐயம் கேட்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

எங்களுக்கும் இது அனுபவம். சட்டக் கல்லூரியின் முதல் ஆண்டில் ஒரு தீர்ப்பைக் கையில் எடுத்தபோது, அதில் எது தீர்ப்பின் அடிப்படைக் காரணம், எது நீதிபதி போகிற போக்கில் சொன்னது என்று பிரித்தறிய எங்களில் பலருக்குத் தெரியாது. வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இரவு உணவின்போதே தெரிந்துவிட்டிருந்தது. வீட்டில் கிடைத்த அந்தப் பயிற்சியை யாரும் பயிற்சி என்று அழைப்பதில்லை. ‘தகுதி’ என்று அழைக்கிறார்கள்.

2022 ஜனவரியில் நீல் ஆரேலியோ நூன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. பொதுத் தேர்வு தருவது முறைசார்ந்த சமத்துவம் மட்டுமே என்றும், கல்வி வசதிகளில் நிலவும் ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுக்காமல் மதிப்பெண்ணைத் தகுதியின் ஒரே அளவுகோலாகக் கொள்ள முடியாது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. நுழைவுக்குப் பொருந்தும் இந்தத் தர்க்கம் நுழைந்த பிறகு வகுப்பறைக்கும் பொருந்த வேண்டும்.

வாசலைத் தாண்டியும் வெளியே

காஞ்சிபுரம் அன்று சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோவையில் தாம் படித்த பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள் என்றும், தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மணியடிக்கும் வரை வெளியிலேயே இருந்து படித்ததாகவும் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அனுமதி கிடைத்தது, ஆனால் சக மாணவரிடம் பேசிக் கற்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. அம்பேத்கருக்கும் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்படவில்லை. மறுக்கப்பட்டது சமஸ்கிருதப் பாடம். அதனால் பாரசீகம் படித்தார்.

சேர்க்கைக்குப் பின் நிகழும் இந்த மறுப்பு இன்று உருமாறித் தொடர்கிறது. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கையில், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று கூறியதைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வு செய்யச் சென்ற செந்தில்குமார் உயிரிழந்தார். பாடத்தேர்வில் தோல்வி, அதனால் உதவித்தொகைக்கு வந்த ஆபத்து, ஆய்வு வழிகாட்டி ஒதுக்கப்படாமை ஆகியவை அவர் மரணத்தைத் தொடர்ந்து விவாதத்துக்கு வந்தன. கல்வி ஆதரவின்மை வெறும் நிர்வாகக் குறைபாடு அல்ல என்பதை நமக்கு அந்த மரணம் உணர்த்தியிருக்க வேண்டும்.

சட்டமும் விதிகளும் சொல்வது

அரசமைப்பின் 46ஆம் கூறு, பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி நலன்களைத் தனிக் கவனத்துடன் வளர்க்குமாறு அரசுக்குக் கட்டளையிடுகிறது. கல்வியில் இட ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4), ‘முன்னேற்றத்துக்கான சிறப்பு ஏற்பாடு’ என்றே சொல்கிறது. இட ஒதுக்கீடு அந்த ஏற்பாடுகளில் ஒன்று; அதோடு கடமை முடிவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு இதை ஏற்றுக்கொண்டே பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்கான குறைதீர் பயிற்சித் திட்டத்தை 11, 12ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் நடத்தியது. மாணவரின் கற்கும் திறனையும் மொழித் திறனையும் உயர்த்துவது அதன் முதல் நோக்கம். ஐந்தாண்டுத் திட்ட முறை 2017 மார்ச்சில் முடிந்தது, தேவை முடியவில்லை.

உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான 2012ஆம் ஆண்டு விதிகள் இன்னும் கூர்மையானவை. சாதிப் பின்னணியைப் படிப்பில் பின்தங்கியதற்குக் காரணமாக வகுப்பில் இழிவாகப் பேசுவது, ‘ஒதுக்கீட்டுப் பிரிவு’ என்று முத்திரை குத்துவது, ஆசிரியரைச் சந்திக்க ஒரு மாணவருக்கு மற்றவரைவிட வேறுபட்ட நேரம் ஒதுக்குவது, ஆய்வகத்தில் சும்மா நிற்கவைப்பது ஆகிய அனைத்தையும் அவை பாகுபாடு என வரையறுக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும், இணைப் பேராசிரியர் நிலைக்குக் குறையாத பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும். 2026 ஜனவரியில் இவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது.

ஆக, எங்களிடம் வந்த மாணவர் கேட்ட அந்த ஒற்றை வாக்கியம் இவ்விதிகளின்படி நேரடியான புகார். பேராசிரியர்கள் அவருக்கு நேரம் ஒதுக்க மறுத்திருந்தால் அதுவும் புகாரே.

முத்திரை குத்தாமல் உதவ முடியுமா?

2017இல் திருத்தப்பட்ட நாக் மதிப்பீட்டு முறை ஒவ்வொரு கல்லூரியிடமும் ஒரு கேள்வி கேட்கிறது: மீத்திறன் மாணவர், மெல்லக் கற்போர் ஆகியோரை அடையாளம் கண்டு என்ன செய்தீர்கள்? கேள்வி நியாயமானது. ஆனால் பல இடங்களில் விடை, ஒரு பெயர்ப் பட்டியலாகவும் வருகைப் பதிவேடாகவும் சுருங்கிவிடுகிறது. பட்டியலில் யார் பெயர்கள் நிரம்பும் என்பதை நாம் ஊகிக்கத் தேவையில்லை. அந்த வகுப்புக்குச் செல்வதே அவமானம் என்று மாணவர் ஒதுங்குகிறார். அவர் ஒதுங்கியதே அக்கறையின்மைக்குச் சான்றாகிறது. மாலை நான்கு மணிக்குமேல் நடக்கும் வகுப்பு, தறிக்குத் திரும்ப வேண்டியவருக்கும், ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இரவுப் பணி பார்ப்பவருக்கும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கும் இல்லாத வகுப்பே.

வேறு வழி உண்டு. 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் கதவுகளைத் திறந்தபோது, கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ, வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் நுழைந்தனர். அவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை மைனா ஷானஸி என்ற ஆசிரியர் வாசித்தார். பிழைகள் அறிவின்மையால் வருவன அல்ல. ஒவ்வொரு பிழைக்கும் மாணவர் தாமே உருவாக்கிக்கொண்ட ஒரு விதி இருக்கிறது. அந்த விதியைக் கண்டறிவது ஆசிரியரின் வேலை என்று 1977இல் வெளியான தம் நூலில் காட்டினார். ‘இந்த மாணவருக்கு என்ன குறை’ என்ற கேள்வி, ‘நாம் எதைச் சொல்லித் தரவில்லை’ என்று மாறியது.

நியூயார்க் வரை போகாமலும் இதை விளங்கிக்கொள்ளலாம். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளருக்கு மறுபுறம் ஒரு துணையாள் வேண்டும். புதியவர் தறியருகே உட்கார்ந்து, கை பார்த்து, இழை அறுந்தால் முடிந்து, மாதக்கணக்கில் கற்கிறார். அவரை யாரும் மெல்லக் கற்போர் என்பதில்லை. தொழில் பழகுகிறார் என்பார்கள். இதை நாம் அழகுபடுத்திப் பேசவும் கூடாது. அந்தத் துணையாள் இடத்தில் முன்பணக் கடனுக்காகக் குழந்தைகள் உட்காரவைக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்து பதிவு செய்தது. பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய வயதைத் தறியிடம் இழந்த தலைமுறையின் பிள்ளைகள்தாம் இன்று கல்லூரி வகுப்பறையில் இருக்கிறார்கள்.

ஆகவே கல்வித் திறன் ஆதரவு என்பது பாட நேரத்துக்குள், எல்லா மாணவருக்கும் உரியதாக, மதிப்பெண் உள்ள தாளாக முதல் பருவத்திலேயே நடக்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவருக்குக் கலைச்சொற்கள் இரு மொழியிலும் தரப்பட வேண்டும். கூடுதல் உதவி தேவைப்படுவோர் தாமாக வந்து கேட்கும் ஓர் அறையும், அதற்கென ஊதியம் பெறும் ஒருவரும் வேண்டும். பணம் எங்கே என்று கேட்டால், பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கான தமிழ்நாட்டின் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டுவோம்.

மாணவர் செய்யக்கூடியவை

முதலாவது, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு. அரசுக் கல்லூரிகளுக்கு மட்டுமல்ல, அரசின் கணிசமான நிதியுதவி பெறும் கல்லூரிகளுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்பதை 2019இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சம வாய்ப்பு மையம் எந்த நாளில் அமைக்கப்பட்டது? பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார்? சென்ற மூன்று ஆண்டுகளில் எந்தெந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் குறைதீர் வகுப்பு நடந்தது? எவ்வளவு செலவிடப்பட்டது? இந்த நான்கு கேள்விகள் போதும்.

இரண்டாவது, மாணவர் தம் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உடையவர். 2011இல் ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. எங்கே மதிப்பெண் போயிற்று என்று தெரியாமல் அரியர் எழுதுவது இருட்டில் இழை கோப்பது போன்றது.

மூன்றாவது, இழிசொல் பேசப்பட்டால் நாள், நேரம், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து, பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் அளித்து ஒப்புகை பெற வேண்டும். பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தும் நோக்கம் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவும் உண்டு.

நான்காவது, இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டணத்துக்கும் விடுதிக்கும் போராடிய நாம், வகுப்பறைக்குள் நடப்பதை மாணவரின் தனிப்பட்ட சிக்கலாக விட்டுவிட்டோம். பட்டம் முடித்த ஒவ்வொருவரும் தம் சேரியின் முதலாண்டு மாணவர் இருவருக்கு வினாத்தாள் வாசிக்கச் சொல்லித் தரலாம். கல்லூரியின் கடமையை நாம் ஏற்றுக்கொள்வதாக இதற்குப் பொருளில்லை. கடமை நிறைவேறும் வரை ஒருவரையும் இழக்காமல் இருப்பதற்காக.

அந்த மாணவர் இப்போது ஞாயிறுதோறும் வருகிறார். தனியாக அல்ல, உடன் நால்வரை அழைத்து வருகிறார். ‘கிரிட்டிக்கலி எக்ஸாமின்’ என்றால் ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு ஆதரவையும் எதிர்ப்பையும் எடைபோட்டு, தன் முடிவை எழுதுவது என்று விளக்க எங்களுக்கு அரை மணி நேரமே ஆனது. அந்த அரை மணி நேரத்தை ஒன்றரை ஆண்டுகளாக ஏன் ஒதுக்க முடியவில்லை என்பதற்கு அவருடைய கல்லூரி எழுத்துமூலம் விடை தர வேண்டும். மனு அஞ்சலில் போயிருக்கிறது. முப்பது நாள் கணக்கு தொடங்கிவிட்டது.