யார் பெரிய பயில்வான்?



ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சுலோசனா முதலியார் பாலத்துப் பக்கம் ஒரு டீக்கடை. எங்கள் செட் ஐந்து பேர். அதில் ஒருவன், தன் வீட்டுப் பரணில் சித்தப்பாவின் பழைய தகரப் பெட்டியிலிருந்து கண்டெடுத்த ஒரு சீட்டுக்கட்டை பெஞ்சின் மேல் போட்டான். 1990களில் நம் அண்ணன்மாரும் சித்தப்பாமாரும் விளையாடி விளையாடி முனை தேய்த்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டுகள்!

“லே, அண்டர்டேக்கர்தாம்ல என்னைக்கும் பெரிய ஆளு” என்றான் ஒருவன்.

“போல! அவரையே புரோக் லெஸ்னர் தோக்கடிச்சாச்சுலா?” என்றான் இன்னொருவன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. “என்னல பேசுதிய? தாரா சிங்குன்னு ஒருத்தரு இருந்தாரு. அவரு முன்னால இவனுவ நிப்பானுவளா?” என்றார்.

மூலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “காமா!”

டீ ஆறிப்போனது. சண்டை மட்டும் ஆறவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சண்டையின் மிச்சம்தான். நூறு வருஷ இடைவெளியில் வாழ்ந்த இரண்டு பயில்வான்களை எப்படி ஒப்பிடுவது? யாருக்குப் புகழ் அதிகம், யாருக்குத் திறமை அதிகம் என்று எந்தக் கேஜை வைத்து அளப்பது? வாருங்கள், கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

கார்டு சொல்லும் கணக்கு

அந்தக் கார்டில் என்னென்ன இருக்கிறது? ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், மோதிய சண்டைகள், வென்ற சண்டைகள். எண் பெரிதாக இருந்தால் எதிராளியின் கார்டு நமக்கு. விளையாட்டுக்கு இது சரி. ஆனால் நாம் மெட்ராலஜி படிக்கிற பிள்ளைகள். எந்த அளவைப் பார்த்தாலும், ‘இது எதை அளக்கிறது?’ என்று முதலில் கேட்க வேண்டாமா?

உயரமும் எடையும் உடம்பை அளக்கின்றன, திறமையை அல்ல. சரி, ‘வென்ற சண்டைகள்’ திறமைதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அந்தக் கம்பெனியே 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தில், ‘நாங்கள் நடத்துவது போட்டி அல்ல, பொழுதுபோக்கு’ என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு என்றால் அரசாங்கத்தின் விளையாட்டு ஆணையத்துக்குக் கட்டுப்பட வேண்டும். பொழுதுபோக்கு என்றால் வேண்டாம். காரணம் அவ்வளவுதான்! யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்த விஷயம். ஆகவே ‘வென்ற சண்டைகள்’ என்பது, ஒரு சினிமா ஹீரோ எத்தனை வில்லனை அடித்தார் என்ற கணக்கு மாதிரி.

அப்படியென்றால் அவர்களுக்குத் திறமையே இல்லையா? அவசரப்படாதீர்கள். அதற்குப் பிறகு வருவோம். முதலில் பழைய காலத்துக்குப் போய்விட்டு வருவோம்.

ஆமூர் மல்லன்

புகழுக்கும் திறமைக்கும் இடையே உள்ள வழக்கு நம் தமிழ்நாட்டில் சங்க காலத்திலேயே தொடங்கிவிட்டது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன், ஆமூரில் ஒரு மல்லனோடு மற்போர் செய்து வென்றான். புறநானூற்றின் 80-ஆவது பாட்டில் சாத்தந்தையார் என்ற புலவர் அதைச் சொல்கிறார். ஒரு கால் எதிரியின் மார்பில், மற்றொரு கால் பின்புறம் என்று பிடியைக்கூட விவரிக்கிறார். நேரடி வர்ணனைதான் போங்கள்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜெயித்தவனின் பெயர் நமக்குத் தெரியும். தோற்றவன் யார்? ‘ஆமூர் மல்லன்’. அவ்வளவுதான். ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம்; ஆள் பெயர் இல்லை. ஒரு இளவரசன் அவனை வென்றதே பாட்டாகும் அளவுக்கு அவன் பெரிய மல்லனாக இருந்திருக்க வேண்டும். திறமை இருந்தது. எழுதி வைக்க ஒரு புலவர் அவனுக்கு வாய்க்கவில்லை.

பிற்காலத்தில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டான். மாமல்லபுரம் என்ற ஊரே அந்தப் பெயரில் நிற்கிறது. புகழ் என்பது ஆளின் பலத்தால் மட்டும் வருவதல்ல. அதைச் சுமந்து செல்லும் வாகனம் ஒன்று வேண்டும். அன்றைக்குப் பாட்டும் கல்லும். பிறகு பத்திரிகையும் சினிமாவும். இன்றைக்கு டி.வி.யும் செல்போனும்.

குப்புறப் படுத்த பயில்வான்

இப்போது பெரியவர் சொன்ன காமாவுக்கு வருவோம். பஞ்சாபின் அமிர்தசரஸ் பக்கத்துக்காரர். சமஸ்தான ராஜாக்களின் ஆதரவில் வளர்ந்த பயில்வான். உயரம் சுமார் ஐந்தடி எட்டு அங்குலம்தான். கார்டு விளையாட்டில் இவர் கார்டு வந்தால் முதல் ரவுண்டிலேயே போய்விடும்!

1910-இல் லண்டன் போனார். அமெரிக்காவின் பெஞ்சமின் ரோலரை வீழ்த்தினார். அடுத்து, செப்டம்பர் 10-ஆம் தேதி, போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவோடு மோதல். காமாவைவிட ஸ்பிஸ்கோ எடையில் மிகவும் கூடியவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? பாயில் குப்புறப் படுத்துக்கொண்டார்! இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் காமா புரட்டிப் பார்த்தார், முடியவில்லை. போட்டி சமன்.

இதில் நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் இருக்கிறது. குஸ்தியில் ஜெயிக்க, எதிராளியின் இரண்டு தோள்களும் தரையில் பட வேண்டும். நிற்கிற மனிதனுக்கு ஈர்ப்பு மையம் உயரத்தில். அடித்தளமோ இரண்டு பாதங்கள் அளவுதான். தள்ளினால் சாய்வான். கை காலை விரித்துக் குப்புறப் படுத்தால் ஈர்ப்பு மையம் தரையோடு ஒட்டிவிடும். அடித்தளம் பல மடங்கு விரியும். அவனைப் புரட்ட வேண்டுமென்றால் அந்த முழு எடையையும் ஒரு பக்கமாகத் தூக்கியாக வேண்டும். ஸ்பிஸ்கோ பயந்துதான் படுத்தார் என்று ஊர் பேசியது. ஆனால் விதிக்குள் நின்று தோல்வியைத் தடுத்ததும் ஒரு திறமைதானே!

ஒரு வாரம் கழித்து மறுபடி மோத நாள் குறித்தார்கள். ஸ்பிஸ்கோ வரவில்லை, பெல்ட் காமாவுக்குப் போனது. 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். இம்முறை படுக்க நேரமில்லை. ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவர் காமா!

பாலிஷ் போட்ட கம்பி

அந்த இரண்டு போட்டிக்கும் நடுவில் அதே ஸ்பிஸ்கோ அமெரிக்காவில் ஒரு வேலை செய்தார். நம் கேள்விக்கு அதைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

1920களிலேயே அங்கே தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவுகளை நடத்துநர்கள் பேசி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1925 ஜனவரியில் வேய்ன் மன் என்ற ஆறரை அடி உயரக் கால்பந்து வீரரைச் சாம்பியன் ஆக்கினார்கள். பார்க்க ஆஜானுபாகு, பத்திரிகையில் பெயர், கூட்டம் வரும். மல்யுத்தம்தான் அதிகம் தெரியாது! ஏப்ரலில் அவருக்கு எதிரில் ஸ்பிஸ்கோவை நிறுத்தினார்கள். நாற்பதைத் தாண்டிய ஆள். சொன்னபடி தோற்பார் என்று நம்பினார்கள். ஆனால் ஸ்பிஸ்கோ எதிர்முகாமோடு பேசி முடித்திருந்தார். மேடை ஏறியதும் நிஜமாகவே பிடித்தார். மன் திரும்பத் திரும்ப விழுந்தார். பேசி வைத்த பட்டம் அன்றைக்கே பறந்தது.

மைல்ட் ஸ்டீல் கம்பிக்கு எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது டூல் பிட் ஆகாது என்று நம் வொர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். லேத்தில் மாட்டி வேலைப்பொருளில் தொடும்வரை வித்தியாசம் தெரியாது. தொட்டால் தெரிந்துவிடும்!

ஒரே காலம், இரண்டு பேர்

இப்போது அண்ணாச்சியின் ஆள். தாரா சிங் 1928-இல் பிறந்தவர். சிங்கப்பூர், மலாயா என்று சுற்றிவந்து, 1954-இல் ‘ருஸ்தம்-ஏ-ஹிந்த்’ பட்டம் வென்றார். ‘கிங்காங்’ என்ற பெயரில் மோதிய எமில் சாயாவோடு அவர் நடத்திய சண்டைகளுக்குக் கூட்டம் கட்டி ஏறியது. 1968-இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வீழ்த்தினார். சினிமாவில் கதாநாயகன் ஆனார். 1987-இல் தொடங்கிய ‘ராமாயணம்’ தொடரில் அனுமாராக வந்து, குஸ்தியே பார்க்காத நம் பாட்டிமாருக்கும் தெரிந்த முகமானார். 2003-இல் மாநிலங்களவைக்கும் போனார். 2012-இல் மறைந்தார்.

அதே காலத்தில் இன்னொருவர் இருந்தார். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்துக் கிராமத்துக்காரர், கே.டி. ஜாதவ். ஊர்க்காரர்கள் காசு சேர்த்துக் கொடுத்துத்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார். வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம்! அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு 1996 வரை, 44 வருஷம் காத்திருந்தோம். 1984-இல் அவர் விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது வந்தது அதற்கும் பல வருஷம் கழித்து.

நண்பர்களே, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். இந்த இரண்டு பெயரில் எது உங்களுக்கு முன்பே தெரியும்? எங்கள் டீக்கடை சபையில் ஜாதவ் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஜாதவின் வெற்றி முன்கூட்டிப் பேசி வைத்ததல்ல; முழுக்க முழுக்க நிஜம். ஆனால் அதைச் சுமந்து செல்ல வாகனம் இல்லை. தாரா சிங்குக்கோ மேடை, சினிமா, டி.வி. என்று மூன்று வாகனம். இதனால் தாரா சிங் குறைந்தவர் என்று ஆகாது. இருவரையும் அளந்த கருவிகள் வேறு வேறு.

டி.வி. வந்த பிறகு

1987-இல் ஹல்க் ஹோகன், பிரம்மாண்டமான ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டார். பார்க்க வந்தவர்கள் 93,173 பேர் என்று கம்பெனி அறிவித்தது. அந்த எண்ணே சரிதானா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது! ஹிமாசலத்தின் தலீப் சிங் ராணா, ‘தி கிரேட் காளி’ ஆகி 2007-இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். ஏழடி உயரம்; உலகப் புகழ். ஆனால் அதே மேடையில் நின்ற கர்ட் ஆங்கிள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். நிஜப் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

முன்பு பாக்கி வைத்த கேள்விக்கு இப்போது பதில். முடிவு பேசி வைத்ததுதான். ஆனால் விழுவது நிஜம். நூறு கிலோ ஆளைத் தலைக்கு மேல் தூக்கி, அவன் கழுத்து முறியாமல் கீழே போட வேண்டும். விழுகிறவன் முதுகை விரித்து, அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவும்படி விழ வேண்டும். விசை அதேதான், பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் முதல் பாடமே இதுதானே! கடைசி வரிசைக்காரனும் எழுந்து நிற்கும்படி அதைச் செய்ய வேண்டும். இதுவும் திறமைதான். ஆனால் காமாவின் திறமை வேறு, இது வேறு. நம் ஊர்க் கோயில் கொடையில் சிலம்பம் சுற்றிக் காட்டுவதும், களத்தில் கம்பெடுத்து மோதுவதும் ஒன்றா?

அப்போ எப்படித்தான் ஒப்பிடுவது?

வெர்னியர் காலிப்பர் கொண்டு எடை பார்க்க முடியாது. ஆகவே மூன்று கேள்வி, மூன்று கேஜ்:

ஒன்று: விதி என்ன? முடிவு பேசி வைக்காத போட்டி என்றால், அதே காலத்து ஆட்களை அவர் எவ்வளவு தூரம் மிஞ்சினார் என்று பாருங்கள். காமாவை லெஸ்னரோடு மோதவிட முடியாது. ஆனால் காமா தன் காலத்தவரை எப்படி மிஞ்சினார் என்று பார்க்கலாம்.

இரண்டு: அது காட்சி மல்யுத்தம் என்றால், கூட்டத்தை எப்படிப் பிடித்து வைத்தார், எதிராளியை எவ்வளவு பத்திரமாக இறக்கினார் என்று பாருங்கள்.

மூன்று: புகழ் எவ்வளவு என்றால், எந்த வாகனத்தில் வந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பாட்டுக் காலத்துப் புகழையும் செல்போன் காலத்துப் புகழையும் தலை எண்ணிக்கை வைத்து ஒப்பிட்டால், எப்போதும் புதியவன்தான் ஜெயிப்பான்.

இந்த மூன்றையும் கூட்டி ஒரே மார்க் போடாதீர்கள். அங்கேதான் கார்டு தப்புச் செய்கிறது. டீக்கடைச் சண்டையும் அங்கேதான் பிறக்கிறது.

நமக்கு என்ன?

நம் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே கர்ணன் சிலை, அர்ச்சுனன் சிலையெல்லாம் பார்த்து வாய் பிளந்திருப்பீர்கள். செதுக்கிய சிற்பியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் உளி பட்ட இடமெல்லாம் அவன் கையெழுத்து இருக்கிறது.

நம் வகுப்பிலும் ஒருவன் இருக்கிறான். ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பான். மூன்று அரியர், மேடையில் பேச வராது, போட்டோவில் கடைசி வரிசை. ஆனால் லேத்தில் நின்றால், மைக்ரோமீட்டர் வைக்கும் முன்பே அளவு வந்துவிட்டதைக் கை சொல்லிவிடும். நாம் அவனை எந்தக் கேஜால் அளக்கிறோம்? நாளைக்கு இன்டர்வியூவில் நம்மை எந்தக் கேஜால் அளப்பார்கள்? பேர் வருவது நம் கையில் இல்லை. அதற்குப் புலவர் வேண்டும், கேமரா வேண்டும், நேரம் வேண்டும். பிடி கற்றுக்கொள்வது நம் கையில் இருக்கிறது. என்றைக்காவது எதிரில் ஒரு ஸ்பிஸ்கோ வந்து நிஜமாகப் பிடித்தால், அன்றைக்குக் கார்டு காப்பாற்றாது.

அடுத்த சனிக்கிழமை அதே டீக்கடைக்குப் போனோம். ஜாதவ் கதையை அண்ணாச்சியிடம் சொன்னேன். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், “இத்தனை நாளா இந்த ஆளு பேரு நமக்குத் தெரியாமப் போச்சே தம்பி” என்றார்.

கார்டுக்கட்டில் ஒரு கார்டு காணாமல் போயிருந்தது. அதன் இடத்தில், நோட்டு அட்டையை வெட்டி நண்பன் ஒன்று செய்து வைத்திருந்தான். பெயர்: கே.டி. ஜாதவ். உயரம், எடை, பைசெப்ஸ் எல்லாம் காலி. கீழே ஒரே ஒரு வரி: ‘ஹெல்சிங்கி, 1952’.

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்