பூச்சிமருந்தும் மனத்துயரும்: உழவர்கள் கவனிக்க வேண்டியவை

மருந்தடிப்பு முடிந்ததும் மீந்த பூச்சிமருந்துப் புட்டியை வீட்டு எரவானத்தில் செருகி வைப்பது பலரின் வழக்கம். கடனாலோ, குடும்பச் சண்டையாலோ மனம் ஒடிந்தவருக்கு அதுவே எமனாகிவிடுகிறது. தற்கொலை எண்ணம் பலருக்குத் திடீரென மூண்டு, சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமலும், ஆறுதலுக்கு ஓர் ஆள் அருகிலும் இருந்தால் உயிர் தப்பும்.

காட்டுமன்னார்கோயில் அனுபவம்

சென்னையில் 1986இல் சிநேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் நான்கு கிராமங்களை ஆராய்ந்தனர். இரண்டு கிராமங்களில் ஊரார் ஒத்துழைப்புடன் பொதுக் கிடங்குகள் கட்டி, பூட்டுள்ள பெட்டிகளில் மருந்தை வைக்கச் செய்தனர். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கிடங்கு இல்லாத ஊர்களை நோக்க, இங்கு பூச்சிமருந்துத் தற்கொலைகள் நன்கு குறைந்திருந்தன. 2013இல் முடிவு வெளியாயிற்று. இது சிறிய ஆய்வே.

இலங்கை அநுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில், வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தனர். பலன் இல்லை என 2017இல் தெரியவந்தது. எனவே மருந்தை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. வீட்டில் வைக்காமலிருப்பதே நல்லது.

செய்ய வேண்டியவை

1. அந்தந்த அடிப்புக்குத் தேவையான அளவு மருந்தே வாங்கவும். பொதுக் கிடங்கு அமைக்க ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்யவும்.

2. தூக்கமின்மை, ஒதுங்கியிருத்தல், மிகுந்த குடி, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

3. அத்தகையவரிடம், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" எனப் பரிவுடன் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. புத்திமதி கூறாமல், குறுக்கிடாமல் கேளுங்கள். தனியே விடாதீர்கள்.

4. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும். 14416 அல்லது 104 எண்ணில் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம்.

5. யாரேனும் மருந்து குடித்துவிட்டால் உடனே 108ஐ அழைக்கவும். உப்புக் கரைசல் முதலியவை கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. நனைந்த துணியைக் களைந்து உடலைக் கழுவி, இடப்பக்கமாகப் படுக்க வைக்கவும். உதவுபவர் கையுறை அணிவது நல்லது. மருந்துப் புட்டியையும் மருத்துவரிடம் காட்டவும்.

போலீஸ் வழக்குக்கு அஞ்சி மருத்துவமனை செல்லத் தயங்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது.